ரெண்டு சின்ன ஸ்கூல் சேர்ந்து ஒரே ரெஸ்லிங் டீம் போடறாங்களாம், ஆதரிக்கலாமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

அயோவா_அப்பா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல ஒரு சின்ன டவுன்ல இருக்கோம், பையன் சோஃபமோர் (பத்தாவது), ஹைஸ்கூல் ரெஸ்லிங் டீம்ல இருக்கான். டிவில வர்றது இல்லீங்க, மேட்ல நடக்கிற நிஜ மல்யுத்தம். இந்த மாநிலத்துல இதுக்கு இருக்கிற மரியாதை இங்க இருக்கிறவங்களுக்கு தெரிஞ்சிருக்கும், 1972 ம்யூனிக் ஒலிம்பிக்ல ஒரு பாயிண்ட் கூட விட்டுக்குடுக்காம கோல்டு வாங்கின டான் கேபிளோட சொந்த மாநிலம், பிப்ரவரி வந்தா ஸ்டேட் மீட் பாக்க டெ மாய்னுக்கு குடும்பம் குடும்பமா கிளம்பிடுவாங்க.

பிரச்சனை என்னன்னா எங்க ஸ்கூல்ல ஆள் இல்ல. 106 பவுண்டுல ஆரம்பிச்சு 285 வரைக்கும் மொத்தம் 14 வெயிட் கிளாஸ், எங்க கிட்ட இருக்கிறது 8 பசங்க. மீதி 6 எடமும் ஃபோர்ஃபிட் (ஆள் இல்லாம விட்டுக்குடுக்கறது), ஒரு ஃபோர்ஃபிட்டுக்கு எதிர் டீமுக்கு 6 பாயிண்ட், அதாவது எதிர்ல ஃபுல் டீம் வந்தா மேட்ல ஒருத்தரும் கால் வைக்கிறதுக்கு முன்னாடியே 36 பாயிண்ட் போயிடுது. பசங்க என்ன தான் உயிரைக் குடுத்து பண்ணாலும் டூயல் மீட்ல (ரெண்டு டீம் நேருக்கு நேர் மோதறது) ஜெயிக்கவே முடியல.

இப்ப பக்கத்து டவுன் ஸ்கூல்லயும் இதே கதை, அங்க 9 பேரு. ரெண்டு ஸ்கூல் அத்லெடிக் டைரக்டரும் பேசி அடுத்த சீசன்ல இருந்து கோ-ஆப்பா ஒரே டீம் போடலாம்னு சொல்றாங்க. அடுத்த வாரம் ஸ்கூல் போர்டு மீட்டிங்ல பேரன்ட்ஸும் பேசலாம். எனக்கு மனசு ரெண்டு பக்கமும் இழுக்குது. என் பையன் 138 பவுண்டு கிளாஸ், அங்கயும் ஒரு 138 இருக்கான், ஜூனியர் (பதினொண்ணாவது), இந்த சீசன்ல என் பையன மேஜர் டிசிஷன்ல, அதாவது பெரிய பாயிண்ட் வித்தியாசத்துல ஜெயிச்சவன். சேர்ந்துட்டா வார்சிட்டி (ஸ்கூலோட முதல் டீம்) எடம் அவனுக்குத்தான போகும்? ப்ராக்டிஸ் அவங்க ஸ்கூல்லயாம், மேட் ரூம் அங்க தான் பெருசு. இவன் இன்னும் வண்டி ஓட்டறதில்ல, நானும் வீட்டுக்காரியும் ஹாஸ்பிட்டல் வேலை, சாயங்காலம் நாலு மணிக்கு யாரு கொண்டு போய் விடறது. இது எல்லாத்துக்கும் மேல அந்த ஸ்கூல் தான் எங்களுக்கு பரம்பரை எதிரி மாதிரி, "அப்பா நான் அவங்க சிங்லெட்ட போட்டுக்க மாட்டேன்"னு (சிங்லெட்னா ரெஸ்லிங் யூனிஃபார்ம்) பையன் ஒரே பிடியா நிக்கிறான். மீட்டிங்ல எழுந்து நின்னு என்ன சொல்றதுன்னு தெரியல, இத பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.


பிட்ஸ்பர்க்_பக்கம்:

அண்ணா, என் பையன் ஹைஸ்கூல் முழுக்க கோ-ஆப் டீம்ல தான் இருந்தான், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

நீங்க ஃபோர்ஃபிட்ட ஸ்கோர் கணக்கா மட்டும் பாக்கறீங்க. அந்த கணக்கே கொடுமை தான், உங்க 8 பேர்ல 5 பேரு ஜெயிச்சாங்கன்னு வைங்க, அதுல ரெண்டு பின் (எதிராளி தோள மேட்ல அழுத்தி ஜெயிக்கறது, 6 பாயிண்ட்), மூணு டிசிஷன் (பாயிண்ட் கணக்குல ஜெயிக்கறது, 3 பாயிண்ட்), ஆக 12ம் 9ம் 21. தோத்த மூணு பேரும் வெறும் டிசிஷன்ல தோத்தா கூட எதிர் டீமுக்கு 9, அதோட 36ஐ கூட்டினா 45. நடந்த மேட்ச்ல பாதிக்கு மேல ஜெயிச்சும் ஸ்கோர்போர்டுல 45-21னு தோத்து நிப்பீங்க. ஆனா அத விட பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு, ரெண்டு சின்ன டீம் மோதற அன்னிக்கு பாருங்க. இங்க 8, அங்க 8, ஆனா அதே வெயிட்ல ரெண்டு பக்கமும் ஆள் இருக்கணுமே, அப்படி பாத்தா நாலஞ்சு மேட்ச் தான் நிஜமா நடக்கும். மீதி எல்லாம் ஒரு பக்கம் ஆள் இருக்கும் இன்னொரு பக்கம் இருக்காது, இல்லன்னா ரெண்டு பக்கமும் காலி.

கோ-ஆப் வர்றதுக்கு முன்னாடி மிடில் ஸ்கூல்ல என் பையனுக்கு இது தான் நடந்துச்சு. ரெஃப்ரி கூப்பிடுவாரு, இவன் ஹெட்கியர மாட்டி பட்டைய இழுத்து சரி பண்ணிக்கிட்டு நடு வட்டத்துக்கு ஓடுவான், எதிர்ல யாரும் வர மாட்டாங்க, ரெஃப்ரி இவன் கைய தூக்கி விடுவாரு, திரும்பி வந்து ஹூடிய போட்டுக்கிட்டு உக்காந்துடுவான். அன்னிக்கு அவ்ளோ தான். ரெக்கார்டுல ஒரு வின் ஏறும், ஆனா ஒரு மணி நேரம் பஸ்ல போனதும் வெயிட்டுக்காக மதியம் அளந்து சாப்பிட்டதும் அந்த ஒரு கை தூக்கலுக்கு. நிஜ மேட்ச் இல்லாம எந்த பையன் இந்த விளையாட்டுல தாக்குப்பிடிப்பான் சொல்லுங்க, ஒவ்வொரு வருஷமும் ரெண்டு மூணு பேரு கழண்டுக்குவாங்க, அப்புறம் ஃபோர்ஃபிட் இன்னும் கூடும், அத பாத்து அடுத்த வருஷம் புதுசா யாரும் வர மாட்டாங்க.

கோ-ஆப்ல வந்த முதல் மாற்றம் ஸ்கோர்ல இல்ல, ப்ராக்டிஸ் ரூம்ல. 8 பேரு இருக்கிற ரூம்ல 113 பையன் யாரோட பழகுவான்? பக்கத்துல 132 இருந்தா நல்லது, இல்லன்னா 150ஓட புரளணும், அதுல ஒண்ணு அடி படும் இல்ல தப்பான பழக்கம் வரும். பெரிய பையனுக்கும் அதே தான், 215க்கு ஈடு குடுக்க ஆள் இல்லன்னா கோச் தான் மேட்ல இறங்கணும். ரெண்டு ஸ்கூல் சேர்ந்தப்ப ஒவ்வொருத்தனுக்கும் தன் எடைக்கு பக்கத்துலயே ரெண்டு மூணு பார்ட்னர் கிடைச்சாங்க. உங்க பையனுக்கு அந்த 138 போட்டின்னு நெனைக்காதீங்க, தினமும் அவன் கிட்ட டேக்டவுன் (நின்னுட்டு இருக்கிறவன கீழ சாய்ச்சு அடக்கறது) வாங்கி வாங்கியே உங்க பையன் ஒரு சீசன்ல எங்கயோ போயிடுவான். மேஜர் டிசிஷன்னா 8 பாயிண்டுல இருந்து 14 வரைக்கும் வித்தியாசம், அதுவும் 2024-25ல இருந்து டேக்டவுனுக்கு 3 பாயிண்ட் ஆயிடுச்சு, மூணு டேக்டவுன் அதிகமா வாங்கினாலே அந்த கோட்ட தொட்டுடலாம். ரெண்டு பசங்களுக்கும் நடுவுல உள்ள தூரம் நீங்க நெனைக்கிற அளவுக்கு இல்ல.

எடம் விஷயத்துலயும் வழி இருக்கு. ஒரு வெயிட்ல எடை போட்டவன் அதுக்கு அடுத்த மேல் வெயிட்லயும் இறங்கலாம், 138ல எடை காட்டிட்டு 144ல மேட்ச் பண்ணலாம். எங்க கோச் இத வச்சே டூயல்ல ஆளுங்கள நகர்த்தி நகர்த்தி காலி எடத்த அடைப்பாரு. 8ம் 9ம் 17 பேரு இருக்கிற உங்க டீமுக்கு 14ல 12 எடமாவது நிரம்பும்.


மேடிசன்_தம்பி:

மேல சொன்னவரோட எனக்கு முழுசா உடன்பாடு இல்ல, மறுபக்கத்தையும் சொல்லிடறேன். நாங்க விஸ்கான்சின்.

கோ-ஆப்ல எந்த ஸ்கூல்ல ப்ராக்டிஸ் நடக்குதோ அது வளரும், இன்னொண்ணு தேயும். இது எங்க கண்ணு முன்னாடி நடந்துச்சு. ஆரம்பத்துல ரெண்டு பக்கமும் சரிசமமா இருந்தாங்க, கொஞ்ச வருஷத்துல விருந்தாளி ஸ்கூல்ல இருந்து ரெண்டே ரெண்டு பசங்க தான் போயிட்டு இருந்தாங்க. காரணம் பெருசா ஒண்ணும் இல்ல, தன் ஸ்கூல் ஹால்வேல ரெஸ்லிங் கண்ணுல படலன்னா ஒன்பதாவது படிக்கிற ஒரு பையனுக்கு போய் சேரணும்னே தோணாது. முன்னாடி ஹோம் மீட் அன்னிக்கு ஜிம்ல மேட்ட விரிச்சு லைட்ட அணைச்சு நடுவுல மட்டும் ஒரு விளக்கு போட்டு வைப்பாங்க, அத பாத்து சேர்ந்த பசங்க எத்தனையோ பேரு. அந்த மீட் எல்லாம் பக்கத்து ஊருக்கு போயிடுச்சுன்னா அடுத்த தலைமுறை எங்க இருந்து வரும்?

இன்னொண்ணு, டூயல் மீட்ல தோக்கறது தான் கஷ்டமே தவிர டோர்னமென்ட்ல ஃபுல் டீம் தேவையே இல்ல. நல்ல பையன் தனியா போய் ஸ்டேட் வரைக்கும் ஏறலாம். கோ-ஆப் ஆனதும் போஸ்ட்சீசன்ல ரெண்டு ஸ்கூலுக்கும் சேர்த்து ஒரு வெயிட்டுக்கு ஒரே ஆளு. இப்ப ரெண்டு 138ம் தனித்தனியா டிஸ்ட்ரிக்ட் (ஸ்டேட்டுக்கு முந்தின தகுதிச் சுற்று) போறாங்க, நாளைக்கு ஒருத்தன் வீட்ல இருப்பான். அதோட ரெண்டு ஸ்கூலோட மாணவர் எண்ணிக்கையையும் கூட்டித்தான் ஸ்கூல் எந்த கிளாஸ்னு (1ஏ சின்ன ஸ்கூல், 2ஏ அத விட பெருசு) முடிவு பண்ணுவாங்க, 1ஏ-ல இருக்கிற ஸ்கூல் 2ஏ-க்கு போயிட்டா எதிர்ல வர்றவங்களே வேற. சின்ன ஸ்கூல்னா முடியாதுன்னு யாரு சொன்னது, உங்க அயோவாலயே கில்பர்ட்வில் டான் பாஸ்கோ எவ்ளோ சின்ன ஸ்கூல், எத்தனை தடவ ஸ்டேட் டீம் டைட்டில் அடிச்சிருக்காங்க. அங்க சின்ன வயசுல இருந்தே கிளப்ல பசங்கள மேட்டுக்கு பழக்கிடறாங்க. என்ன கேட்டா கோ-ஆப்புக்கு கையெழுத்து போடறதுக்கு முன்னாடி உங்க எலிமென்டரி ஸ்கூல்ல ஒரு கிட்ஸ் கிளப் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா அத ஆரம்பிங்க.


பிட்ஸ்பர்க்_பக்கம்:

தம்பி, கிட்ஸ் கிளப் கட்டாயம் வேணும், மறுக்கல. ஆனா இன்னிக்கு ரெண்டாவது படிக்கிற குழந்தை ஹைஸ்கூல் மேட்டுக்கு வர ஏழு வருஷம் ஆகும், இப்ப ஜிம்ல இருக்கிற அந்த 8 பசங்களுக்கு அது எந்த விதத்துல உதவும்? டான் பாஸ்கோ மாதிரி ஒரு ஊரே சேர்ந்து பல வருஷமா கட்டின ப்ரோக்ராம உதாரணம் காட்டி ஆள் இல்லாத ஸ்கூல் பசங்கள காத்திருக்க சொல்றது நியாயமா படல. விருந்தாளி ஸ்கூல் தேய்றது பத்தி நீங்க சொன்னது மட்டும் நூத்துக்கு நூறு நிஜம், அதுக்கு தான் ப்ராக்டிஸும் ஹோம் மீட்டும் ரெண்டு ஊர்லயும் மாத்தி மாத்தி நடக்கணும்.


அயோவா_அப்பா:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அந்த கைய மட்டும் தூக்கி விடற விஷயம் என் பையனுக்கும் இந்த சீசன்ல நடந்துச்சு, அன்னிக்கு கார்ல வரும்போது ஒரு வார்த்தை பேசல. இத இப்படி யோசிக்கல நான்.

இன்னொண்ணையும் கேட்டுடறேன். வீட்ல ரெஸ்லிங் ஆளு இவன் மட்டும் இல்ல, பொண்ணு எட்டாவது படிக்கிறா, அண்ணனோட வீட்ல புரண்டு புரண்டே கத்துக்கிட்டா, அடுத்த வருஷம் ஹைஸ்கூல். எங்க ஸ்கூல்ல கேர்ள்ஸ் டீம் இல்ல, பசங்களோட தான் ப்ராக்டிஸ் பண்ணணும். பக்கத்து ஸ்கூல்ல நாலு பொண்ணுங்க இருக்காங்களாம். அப்புறம் பையன் நேத்து இருந்து 132க்கு எடைய குறைக்கிறேன்னு சொல்லிட்டு இருக்கான், 138 போனா போகட்டும்னு. அத கேட்டதுல இருந்து வீட்டுக்காரிக்கு தூக்கம் இல்ல.


ட்வின்சிட்டீஸ்_அம்மா:

அண்ணா, முதல்ல அந்த 132 பேச்ச நிறுத்துங்க. எடை குறைக்கிறது இப்ப பையன் இஷ்டத்துக்கு விட்ட விஷயம் இல்ல. 1997 நவம்பர் டிசம்பர்ல மூணு காலேஜ் ரெஸ்லர் பசங்க எடைய குறைக்க ரப்பர் சூட் போட்டு சூட்டுல வேர்வை வழிய வழிய உடற்பயிற்சி பண்ணி உயிர விட்டாங்க, அதுக்கு அப்புறம் தான் காலேஜ்லயும் பின்னாடி ஹைஸ்கூல்லயும் விதிய கடுமையாக்கினாங்க. சீசன் ஆரம்பத்துல யூரின் டெஸ்ட் எடுத்து உடம்புல தண்ணி சரியா இருக்கான்னு பாத்துட்டு கொழுப்பு அளவ எடுப்பாங்க, பசங்களுக்கு 7 சதவீதத்துக்கு கீழயும் பொண்ணுங்களுக்கு 12 சதவீதத்துக்கு கீழயும் போற மாதிரி எந்த வெயிட்டும் எடுக்க முடியாது. அதுவும் வாரத்துக்கு உடம்பு எடையில 1.5 சதவீதம் தான் குறைக்கலாம், உங்க பையனுக்கு அது வாரத்துக்கு ரெண்டு பவுண்டு. வளர்ற வயசு, அடுத்த நவம்பர்ல அவன் 144ல நிக்கலாம் 150ல கூட நிக்கலாம், அந்த ஜூனியர் பையனும் அப்படித்தான். இன்னிக்கு எடைய வச்சு அடுத்த வருஷ எடத்துக்கு சண்டை போடறதுல அர்த்தமே இல்ல. கோச் கிட்ட பேசி ஒரு முடிவுக்கு வாங்க, அவன் சாப்பாட்டுல யாரும் கை வைக்க வேண்டாம்.

இப்ப பொண்ணு விஷயம். எனக்கு ரெண்டு பொண்ணுங்க, பெரியவ ரெஸ்லிங் பண்றா, அதனால இத படிச்சதும் எழுதாம இருக்க முடியல. கோ-ஆப்ப வேற எதுக்காக ஆதரிக்கறீங்களோ இல்லையோ உங்க பொண்ணுக்காக ஆதரிங்க. இந்த விளையாட்டுல இப்ப வேகமா வளர்றதே பொண்ணுங்க பக்கம் தான், 2023-24ல நாடு முழுக்க 64,000 பொண்ணுங்களுக்கு மேல ஹைஸ்கூல் ரெஸ்லிங் பண்ணாங்க, அதுக்கு முந்தின வருஷம் அது 50,000 தான். உங்க மாநிலத்துல 2022-23ல இருந்து பொண்ணுங்களுக்கு தனி அதிகாரப்பூர்வ சீசனே இருக்கு. அயோவா யுனிவர்சிட்டில பெண்கள் டீம் வந்தாச்சு, காலேஜ் விளையாட்டுக்கான தேசிய சங்கம் என்சிஏஏவும் 2025 ஜனவரில இத சாம்பியன்ஷிப் விளையாட்டா சேர்த்துட்டாங்க. பசங்க ரூம்ல ஒரே பொண்ணா நிக்கிறது எவ்ளோ கஷ்டம்னு என் பொண்ணு முதல் வருஷத்துல பாத்துட்டேன். பசங்க யாரும் மோசமா நடந்துக்கல, நல்ல பசங்க, ஆனா புடிச்சு பழக தயங்கி தயங்கி நிப்பாங்க, இவ கையில ஜம்ப் ரோப்ப வச்சுக்கிட்டு ஓரமா குதிச்சுட்டு இருப்பா. நாலு பொண்ணுங்க இருக்கிற ரூமுக்கு போன அன்னிக்கு தான் முழு ப்ராக்டிஸும் மேட்லயே இருந்தா.

ஆனா ஒரு விஷயத்த கவனமா கேளுங்க. அயோவால பசங்க விளையாட்டுக்கு ஒரு சங்கம், பொண்ணுங்க விளையாட்டுக்கு வேற சங்கம். பசங்க ரெஸ்லிங்க சேர்த்துட்டா பொண்ணுங்களுதும் தானா சேர்ந்துடும்னு நெனச்சுடாதீங்க. போர்டு ஓட்டு போடற தீர்மானத்துல கேர்ள்ஸ் ரெஸ்லிங்னு தனியா எழுதியிருக்கான்னு கேட்டு வாங்குங்க.


அசிஸ்டன்ட்_கோச்_நெப்ராஸ்கா:

சார், நான் ஒரு கோ-ஆப் டீம்ல வாலன்டியரா அசிஸ்டன்ட் கோச். மேல எல்லாரும் நல்லா சொல்லிட்டாங்க, மீட்டிங்ல என்ன கேக்கணும்னு மட்டும் சொல்றேன், ஏன்னா கோ-ஆப் நல்லா போறதும் நாறிப்போறதும் அந்த காகிதத்துல என்ன எழுதியிருக்குங்கறதுல தான் இருக்கு.

முதல்ல பஸ். ப்ராக்டிஸுக்கு ஸ்கூல் பஸ் விடுவாங்களா, கடைசி பெல் அடிச்சு எத்தனை நிமிஷத்துல கிளம்பும், திரும்பி கொண்டு வந்து விடுவாங்களா இல்ல போறதுக்கு மட்டும் தானா. எங்க டீம்ல முதல் வருஷம் போறதுக்கு மட்டும் பஸ் இருந்துச்சு, ராத்திரி வந்து கூட்டிட்டு போக வீட்ல ஆள் இல்லாத பசங்க தான் முதல்ல டீம விட்டு நின்னாங்க. வசதி இருக்கிற வீட்டுப் பையன் எப்படியும் வந்துடுவான், அப்பா ரெண்டாவது ஷிஃப்ட் போற பையனுக்குத்தான் இந்த பஸ். இத யாரும் போர்டுல கேக்க மாட்டாங்க, நீங்க கேளுங்க.

அடுத்தது ரெஸ்ல்-ஆஃப், அதாவது எடத்துக்காக ஒரே டீம் பசங்க மோதற மேட்ச். ஒரே வெயிட்ல ரெண்டு பேரு இருந்தா யாரு வார்சிட்டின்னு எப்படி முடிவு பண்றது? ஒரு மேட்ச்சா, மூணுல ரெண்டா, தோத்தவன் எத்தனை நாள் கழிச்சு திரும்ப சவால் விடலாம், இதெல்லாம் சீசனுக்கு முன்னாடியே எழுதி ரெண்டு ஊரு பேரன்ட்ஸுக்கும் குடுத்துடணும். ஹெட் கோச் ஒரு ஸ்கூல் ஆளா இருக்கும்போது இன்னொரு ஸ்கூல் பையன் பெஞ்ச்ல உக்காந்தா எப்பவும் ஒரு சந்தேகம் வரும், எழுதி வச்ச விதி இருந்தா அந்த பேச்சே வராது. இன்னொரு ஸ்கூல் கோச்ச விலக்கிடாம அசிஸ்டன்டா வச்சுக்கறது ரொம்ப முக்கியம், அந்த ஸ்கூல் ஹால்வேல பசங்கள புடிச்சு "ஏன்டா நீ ரெஸ்லிங் வரல"ன்னு கேக்க ஒரு ஆளு வேணும், மேடிசன் நண்பர் சொன்ன தேய்மானத்துக்கு எனக்கு தெரிஞ்ச ஒரே மருந்து அது தான்.

வார்சிட்டி கிடைக்காத பையனுக்கு ஜேவி (ரெண்டாவது டீம்) மேட்ச் எத்தனை கிடைக்கும்னும் கேளுங்க. உங்க பையன் 138ல ரெண்டாவதா நின்னா கூட நல்ல ஜேவி ஷெட்யூல் இருந்தா இப்ப கிடைக்கிறத விட அதிக நிஜ மேட்ச் கிடைக்கும், இப்ப வார்சிட்டி தான், ஆனா பாதி நாள் எதிர்ல ஆளே இல்லையே.

பேரும் சிங்லெட்டும் பெரியவங்களுக்கு தான் பெரிய பிரச்சனை, பசங்களுக்கு ஒரு மாசத்துல சரியாயிடும். எங்க பசங்க கிட்டயே விட்டுட்டோம், ரெண்டு ஸ்கூல் கலரும் வர்ற மாதிரி அவங்களே டிசைன் பண்ணாங்க. ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு, நடுவுல ஒரு ஸ்கூல் விலகினா பசங்க கதி என்ன, செலவ தலைக்கு இத்தனைன்னு பிரிக்கறாங்களா பாதி பாதியான்னும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.


அயோவா_அப்பா:

எல்லாருக்கும் மனசார நன்றி. நேத்து ராத்திரி பையனையும் பொண்ணையும் பக்கத்துல உக்கார வச்சு இந்த பதில் எல்லாத்தையும் படிச்சு காட்டினேன். 132 கிடையாதுன்னு சொல்லிட்டேன், அம்மா முன்னாடி ஒத்துக்கிட்டான். சிங்லெட் விஷயத்துல இன்னும் முறைச்சுட்டு தான் இருக்கான், ஆனா அந்த ஜூனியர் பையனோட தினமும் ப்ராக்டிஸ்னு சொன்னப்ப "அவன் அந்த சிங்கிள் லெக் எப்படி எடுக்கிறான்னு எனக்கு இன்னும் புரியல"ன்னு (ஒத்தக் கால புடிச்சு சாய்க்கிற புடி அது) அவனே சொன்னான், அது எனக்கு போதும்.

மீட்டிங்ல ஆதரவா பேசப்போறேன். போக வர ரெண்டு பக்கமும் பஸ், பொண்ணுங்க டீம் தீர்மானத்துல தனியா, ஹோம் மீட்ல பாதி எங்க ஜிம்ல, எங்க கோச்சுக்கு டீம்ல எடம், இந்த நாலையும் காகிதத்துல எழுதி எடுத்துட்டு போறேன். மேடிசன் தம்பி, கிட்ஸ் கிளப் பத்தி எங்க எலிமென்டரி பிரின்சிபல் கிட்ட இன்னிக்கு பேசினேன், ஜிம் காலியா இருக்கிற நாள் எதுன்னு பாத்து சொல்றேன்னாங்க, பழைய மேட் ஒண்ணு ஸ்டோர் ரூம்ல சுருட்டி கெடக்காம். அதுக்கு முதல்ல என்ன என்ன வேணும்னு உங்களுக்கு தெரிஞ்சா தனி இழையா போடுங்க, நானும் வந்து கேக்கறேன்.